வேலியே பயிரை மேயும்போது

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கிச் சுடுகிறது. இதுவே அழற்சி. குருதிக்குழாய்கள் விரிய, வெள்ளணுக்கள் அவ்விடத்திற்கு விரைந்து கிருமிகளை எதிர்க்கின்றன என்பதன் அடையாளம் அது. ஓரிடத்தில் அடங்கி நிற்கும்வரை அழற்சி நமக்குக் காவல். கட்டுமீறி உடலெங்கும் பரவினாலோ, குருதிக்குழாய்கள் கசிகின்றன, குருதியழுத்தம் வீழ்கிறது, நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்தாற்போன்ற இந்நிலையை மருத்துவர் ‘செப்சிஸ்’ என்பர். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் இதனால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

நுண்ணுயிர்க்கொல்லி கிருமியை அழிக்கும். கட்டுமீறிய அழற்சியை அது நேரடியாக அடக்குவதில்லை. அதற்குத் தனி மருந்து வேண்டுமன்றோ? அழற்சியைத் தூண்டும் புரதங்களுள் முதன்மையான ஒன்று டி.என்.எஃப். என்பதாகும். 1987இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் டிரேசி குழுவினர், இப்புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளைப் பபூன் குரங்குகளுக்குச் செலுத்தினர்; பின்னர், உயிரைப் பறிக்கும் அளவு பாக்டீரியாக்களைக் குருதியில் ஏற்றினர். குரங்குகள் பிழைத்தன. மருத்துவ உலகில் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் மனிதரிடம் அவ்வெற்றி கிட்டவில்லை. அப்புரதத்தைப் பிணைத்து முடக்கும் வேறொரு மருந்தைப் பற்றிய ஆய்வு 1996இல் வெளியானது. அம்மருந்தை மிகுதியாகப் பெற்றவர்களிடையே இறப்பு குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது!

காரணம் என்ன? குரங்குகளுக்கு மருந்து கிடைத்தது கிருமி நுழைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. நோயாளியோ அழற்சி மூண்ட பின்னரே மருத்துவமனையை அடைகிறார். ஆய்வுக்கூடத்தில் நோயின் தொடக்கம் ஆய்வாளர் கையில் இருக்கிறது, வாழ்க்கையில் அவ்வாறில்லை. மேலும், செப்சிஸ் எல்லாரிடத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவரிடம் அழற்சி பொங்கும். மற்றொருவரிடம் எதிர்ப்பாற்றலே சோர்ந்து கிடக்கும். சோர்ந்த படைக்குக் கடிவாளம் எதற்கு?

2020இல் இங்கிலாந்தில் நடந்த கொரோனா ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. டெக்சாமெத்தசோன் என்னும் விலை மலிந்த பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் விளையவில்லை. எனவே இன்றைய ஆய்வாளர்கள் புதிய மருந்தை மட்டும் தேடுவதில்லை. குருதியில் ஃபெரிட்டின் போன்ற புரதங்களின் அளவைக் கண்டு, யாருக்கு அழற்சியைத் தணிப்பது, யாருக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது எனப் பிரித்தறியவும் முயல்கின்றனர்.