களைக்கு யூரியா போட்ட விஞ்ஞானிகள்

வயலில் களை முளைத்தால் பிடுங்கி எறிவார்கள். அதற்குப் போய் யாராவது யூரியா தூவுவார்களா? 1980-களில் பப்புவா நியூ கினி நாட்டில் விஞ்ஞானிகள் அதைத்தான் செய்தார்கள். வேண்டுமென்றே செய்தார்கள்.

அந்த நாட்டில் செப்பிக் என்றொரு ஆறு ஓடுகிறது. 1,100 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சமவெளியில் வளைந்து வளைந்து போகும்போது, பழைய வளைவுகளை அப்படியே விட்டுவிட்டுப் புது வழி பிடித்துக்கொள்ளும். விட்டுப்போன வளைவுகள் ஏரிகளாகத் தேங்கிவிடும். கரையோர ஊர்கள் பலவற்றுக்குச் சாலை கிடையாது. மீன் பிடிக்க, சந்தைக்குப் போக, மருத்துவமனைக்குப் போக எல்லாவற்றுக்கும் மரத்தைக் குடைந்து செய்த தோணிதான். வலையில் நிறைய விழுவது நம் ஊர் ஏரிகளிலும் கிடைக்கிற ஜிலேபி மீன்.

1970-களின் தொடக்கத்தில் இந்த ஆற்றுக்குள் சல்வீனியா வந்து சேர்ந்தது. பிரேசிலைச் சேர்ந்த மிதக்கும் பெரணி. பூக்காது, காய்க்காது. ஒரு துண்டு முறிந்தால் அதுவே புதுச் செடி. இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மோர் கடையும் மத்துகளை வரிசையாக நட்டு வைத்ததுபோல் முடிகள் தெரியும். அவற்றுக்கிடையே காற்று தங்கிவிடுவதால் இலை நனைவதே இல்லை. தண்ணீரில் அமுக்கினாலும் மேலே வந்துவிடும்.

வெதுவெதுப்பான, சத்துள்ள நீரில் இது இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். மூன்று நாள் என்றே வைத்துக்கொண்டு, ஒரு செடியில் தொடங்கிக் கணக்குப் போடுங்கள். அறுபதாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்! 1980-இல் செப்பிக் பகுதியில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை இது மூடியிருந்தது. அடியில் வெளிச்சமில்லை, பாசி வளரவில்லை, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்தது. வலை வீச இடமில்லை. தோணி நகரவில்லை. சில ஊர்களை மக்கள் காலிசெய்துவிட்டே போனார்கள்.

வாரிக் கரையில் போடலாமே என்பீர்கள். எத்தனை டன் வாருவது? ஒரு துண்டு மிஞ்சினாலும் போச்சு. மருந்து அடிக்கலாம் என்றால், அது மக்கள் மீன் பிடித்துத் தின்னும் தண்ணீர்.

விஞ்ஞானிகள் வேறு விதமாக யோசித்தார்கள். பிறந்த ஊரில் இந்தச் செடி தொல்லை தருவதில்லை. அங்கே இதைத் தின்பவர் யாரோ இருக்க வேண்டும். ஆனால் பல காலமாக எல்லாரும் இதை இதன் உறவுக்காரச் செடி ஒன்று என்றே நினைத்திருந்தார்கள். அந்த உறவுக்காரச் செடியைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்து வந்து விட்டார்கள்; பெரிதாகப் பலனில்லை. இது தனி இனம் என்று 1972-இல்தான் தெளிவானது. பிரேசிலின் தென்கிழக்கில் இதன் சொந்த ஊர் கண்டுபிடிக்கப்பட்டது 1978-இல். அங்கே கிடைத்தது ஒரு கறுப்புக் கூன்வண்டு. நீளம் இரண்டு மில்லிமீட்டர்தான். வண்டு குருத்தைத் தின்னும். அதன் புழு தண்டைக் குடையும். செடி பழுப்பாகி மூழ்கிவிடும். 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் இதை விட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் களையின் பெரும்பகுதி அழிந்தது.

அதே வண்டை 1982-இல் செப்பிக் ஆற்றுக்குக் கொண்டுவந்தால், பெருகவே இல்லை! ஏன்? அங்கிருந்த சல்வீனியாவில் நைட்ரஜன் குறைவு. உடம்பு வளரப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். வண்டுக்குக் கிடைத்தது சத்தில்லாத சாப்பாடு. அதனால்தான் ஒரு சின்ன இடத்தில் மட்டும் களைக்கு யூரியா தூவினார்கள். செடியில் சத்தேறியது, வண்டு பெருகியது. அதற்குப் பிறகு யூரியாவே தேவைப்படவில்லை. ஏராளமான வண்டுகள் சேர்ந்து கடித்ததில், மிச்சமிருந்த செடிகளில் நைட்ரஜன் அளவு தானாகவே கூடியது. இந்தக் கண்டுபிடிப்புதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம். வண்டு மொய்த்த செடிகளை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோய்ப் போட்டார்கள். 1985-க்குள் பெரும்பாலான நீர்ப்பரப்பு திறந்துவிட்டது. அந்த ஆண்டு இந்த வேலையைச் செய்த ஆஸ்திரேலிய ஆய்வுக் குழுவுக்கு யுனெஸ்கோ அறிவியல் பரிசு கிடைத்தது.

1939-இல் கொழும்புக்கு வந்து, குளங்களிலும் வயல்களிலும் பரவிய சல்வீனியா மீதும் 1986-இல் இதே வண்டு விடப்பட்டது. கேரளத்தின் நீர்நிலைகளிலும் 1980-களில் விட்டார்கள். களை தீர்ந்ததும் வண்டு நெல்லைத் தின்னாதா? அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் திறந்துவிட்டார்கள். சல்வீனியா இல்லாவிட்டால் இந்த வண்டால் இனம் பெருக்க முடியாது.

நம் ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையை இது தொடாது. அதைத் தின்னும் கூன்வண்டுகள் வேறு. அவையும் 1980-களில் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆனால் சாக்கடை கலக்கும் ஏரியில் ஆகாயத்தாமரைக்குச் சத்து அளவுக்கு மீறிக் கிடைக்கிறது; வண்டு தின்னத் தின்ன, அது அதைவிட வேகமாக வளர்ந்துகொண்டே போகும்.