வீட்டுக்குள் ஒரு வலை

இணையம் இல்லாவிட்டால் வைஃபையும் இல்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை எங்கள் எளாவூர் வழியே செல்கிறது. அச்சாலை அடைபட்டாலும், ஊருக்குள் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு நாம் போய் வருகிறோம் அல்லவா? இணையம் நெடுஞ்சாலை, வைஃபை நம் தெரு.

இத்தெருவை அமைக்க ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று போதும். 2012-ஆம் ஆண்டு பிரிட்டனில், மாணவர்கள் கணினி கற்பதற்கென்றே ‘ராஸ்பெரி பை’ வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் பலகை அது. 2016-இல் வந்த மூன்றாம் வகையிலிருந்து வைஃபையும் பலகையிலேயே அமைந்தது.

செய்முறையைக் காண்போம். முதலில் வேறொரு கணினியின் உதவியால் லினக்ஸ் இயங்குதளத்தை மெமரி கார்டில் பதிய வேண்டும். அதைப் பலகையில் செருகி, 5 வோல்ட் மின்சாரம் தந்து, திரையிலுள்ள நெட்வொர்க் பட்டியலில் ‘ஹாட்ஸ்பாட்’டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலைக்கு ஒரு பெயரும், பிறர் எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லும் இட வேண்டும். வீட்டிலுள்ள கைப்பேசிகள் சேரும்போது, ஒவ்வொன்றுக்கும் பலகை தனித்தனி எண் வழங்கும். வீட்டு எண் பார்த்துத் தபால் வருவதுபோல, அந்த எண்ணைப் பார்த்தே செய்திகள் உரிய கைப்பேசியை அடைகின்றன. பீரோ, தண்ணீர் டிரம் ஆகியவை அலைகளைத் தடுக்கும். ஆதலால் பலகையை வீட்டின் நடுவே உயரத்தில் வைப்பது நலம்.

‘கிவிக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியாவையே அந்தக் கார்டில் சேமிக்கலாம். பின்னர் இணையம் இல்லாதபோதும் வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் படிக்கலாம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசிக்காக அண்ணனும் தங்கையும் காத்திருந்த வீடுகள் எத்தனை! அத்தகைய வீடுகளுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இது வெறும் விளையாட்டன்று. 2006-இல் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரத்தின் ஐந்து கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைக்கப்பட்டிருந்தது. அங்கும் உழைத்தவை ஒற்றைப் பலகைக் கணினிகளே. சாதாரண வைஃபை, ஒவ்வொரு செய்திக்கும் உடனே பதில் எதிர்பார்க்கும். தொலைவினால் பதில் தாமதித்தால், செய்தி தொலைந்ததென எண்ணி மீண்டும் அனுப்பும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரு முனைகளும் முறை வைத்துப் பேசுமாறு இதை மாற்றினர். கிராமத்து நோயாளியை, தேனியிலிருந்த மருத்துவர் திரையில் கண்டு பேசினார்.

ஆயினும் ஏறி இறங்கும் மின்சாரம் அங்கே பலகைகளைப் பழுதாக்கியது. பழுது பார்க்க உள்ளூர்ப் பணியாளர்களே பயிற்சி பெற்றனர். ஏரிக்கரையில் வாழும் நமக்கும் இது நல்ல பாடம். உப்புக்காற்று படாமல் பலகையை மூடி வைப்போம். முறைப்படி நிறுத்திய பின்னரே மின்சாரத்தைத் துண்டிப்போம். திடீரென மின்சாரம் நின்றால் மெமரி கார்டு கெடக்கூடும்.

மீன்வலையை வாங்கினால் மட்டும் போதாது, அறுந்த கண்ணியை முடியவும் தெரிய வேண்டும் என்பதை நம் ஊரார் அறிவர். இந்த வலைக்கும் அதுவே விதி. தோழியரே, வாங்குவதோடு நில்லாமல், பழுது பார்க்கவும் கற்போமாக!