பருத்த சிறுவரிடை நீரிழிவும் அதன் சிகிச்சையும்

நீரிழிவு நடுவயது கடந்தோரைப் பற்றும் நோய் என்பது வழங்கிவரும் எண்ணம். சிறுவர்க்கு வருமாயின், அது கணையம் இன்சுலினைச் சுரக்காமற் போவதால் உண்டாகும் முதல் வகையே என்று பெரிதும் கருதப்பட்டு வந்தது. இன்றோ உடற்பருமன் மிகுந்த சிறுவரிடத்தில், பெரும்பாலும் பூப்புப் பருவத்தை ஒட்டி, இரண்டாம் வகையும் காணப்படுகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இளவயது நீரிழிவுப் பதிவேட்டில் இவ்வகையினரும் இடம்பெற்றுள்ளனர்.

இவர்களிடம் இன்சுலின் சுரவாமலில்லை; ஆனால் தசைகளும் கல்லீரலும் அதன் ஏவலுக்கு இணங்குவதில்லை. அதனை ஈடுசெய்ய மிகையாகச் சுரக்கும் கணையம் நாளடைவில் தளர்ந்துவிடுகின்றது.

இன்சுலின் மிகுதியைப் புறத்தே காட்டும் அடையாளம் ஒன்றுண்டு. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் தோன்றும். தாய்மார் இதனை அழுக்கென்று கருதி நார்கொண்டு தேய்ப்பர். வகுப்பில் துப்புரவின்மை என்று கடிந்துகொள்வதும் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. இது தானே நீரிழிவு அன்றாயினும், பருத்த சிறுவனிடம் காணப்படின் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புதற்குப் போதிய காரணமாகும். வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருத்தல் நீரிழிவைக் குறிக்கும்; வேறு அறிகுறிகள் இல்லையெனில் மறுமுறையும் சோதித்தே முடிவு செய்வர்.

சிகிச்சை மெட்பார்மின் மாத்திரையுடன் தொடங்குகின்றது. சர்க்கரை மிக ஏறியிருப்பினும், சிறுநீரில் கீட்டோன் காணப்படினும் இன்சுலின் ஊசி முதலிலேயே தேவைப்படும். உணவுத் திருத்தமும், நாள்தோறும் 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் இவற்றுடன் சேர்ந்தே நடைபெற வேண்டும்.

ஆயினும் இந்நோய் எளிதில் அடங்குவதன்று. அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரையிலான 699 பேரிடம் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வில், மெட்பார்மின் மட்டும் உண்டோரில் 51.7 சதவீதத்தினரிடம் அம்மருந்து பயன்தரத் தவறியது. தீவிர உணவு, உடற்பயிற்சித் திட்டத்தையும் சேர்த்துப் பெற்றோரிடத்தும் இவ்வளவு 46.6 சதவீதமாக இருந்தது. ஆகவே சர்க்கரை குறையாத சிறுவனைச் சோம்பேறி என்றோ, வாயடக்கமில்லாதவன் என்றோ பழித்தல் அறிவியலுக்கு ஒவ்வாது. அவர்களையே தொடர்ந்து கவனித்ததில், இருபத்தைந்து வயதையொட்டி 60 சதவீதத்தினர்க்குச் சிறுநீரகம், விழித்திரை, நரம்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் பழுதுற்றிருந்தது 2021இல் வெளியாயிற்று. 'வளர்ந்தால் வற்றிவிடும்' என்று ஆறுதல் கூறும் உறவினர் எவ்வூரிலும் உளர். காத்திருக்கும் காலம் இதுவன்று.

புதிய மருந்துகளும் வந்துள்ளன. லிராகுளுடைடு ஊசியைப் பத்து வயதுக்கு மேற்பட்ட இத்தகைய சிறுவர்க்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் அனுமதித்தது. எம்பாகுளிபுளோசின் மாத்திரைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. இவற்றை மருத்துவர் மேற்பார்வையிலன்றிப் பயன்படுத்தலாகாது.

களப்பணியாளர் ஒன்றைக் கருத்தில் இருத்துக. பருத்த உடலே இரண்டாம் வகைக்குச் சான்றாகாது; முதல் வகை பருத்த சிறுவனுக்கும் வரலாம். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், விரைவான எடைக்குறைவு இவற்றுடன் வாந்தியும் மூச்சிரைப்பும் சேருமாயின், மறுநாளைக்கு ஒத்திவையாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.