மூடிக்குள் ஒளியும் கிருமி

சீல் உடையாத பாட்டில் என்றால் சுத்தமான தண்ணீர் என்று நம்புகிறது நடுத்தர வர்க்கம். ஆனால் சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவுக்கு நீரில் கரைந்த துளி கரிமப்பொருளே போதும். ஆலைக் குழாயிலும் சரியாகக் கழுவாத 20 லிட்டர் கேனிலும் படலமாக ஒட்டிப் பெருகும். ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளிகளுக்குத்தான் ஆபத்து.

1974ல் போர்ச்சுகலில் காலரா பரவியதில் பாட்டில் மினரல் வாட்டருக்கும் பங்குண்டு. இந்தியத் தர விதிப்படி 250 மில்லியில் இ.கோலை, சூடோமோனாஸ் அறவே கூடாது. 2001ல் கட்டாயமான ஐஎஸ்ஐ முத்திரை, 2024 அக்டோபரில் கட்டாயமல்ல என்றானது. அடுத்த மாதமே பாட்டில் நீர் 'அதிக அபாய' உணவுப் பட்டியலில் ஏறியது. ஆண்டுதோறும் தணிக்கை வந்தது. தணிக்கை நடப்பது ஆலையில். கடை வாசலில் வெயில் காயும் கேனை யார் சோதிப்பது?