பிஸ்டனுக்கு எந்தப் பூச்சு?

எங்கள் நாகல் நகரில் பழைய வீட்டுப் பரண்களில் பித்தளைப் பாத்திரம் கிடக்கும். உங்கள் வீட்டில் இருந்தால் இறக்கி உள்ளே பாருங்கள். வெண்மையாகத் தெரிவது ஈயப் பூச்சு. (வெள்ளீயம்தான், காரீயம் நஞ்சு!) புளி பித்தளையை அரிக்காமல் அது காக்கிறது.

பந்தய மோட்டார் சைக்கிளின் பிஸ்டனுக்கும் ஈயம் பூசலாமா? பிஸ்டனின் பக்கங்களில் பூசியதுண்டு. தலையில் முடியாது, வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நிமிடத்துக்கு 12,000 முறை சுழலும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை எண்ணிப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்குள் வினாடிக்கு 100 முறை எரிபொருள் எரிகிறது. அந்த வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரிக்கும் மேல். பிஸ்டனோ அலுமினியக் கலவை. 300 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கும். எனவே அதன் தலையில் வெப்பத்தை எளிதில் கடத்தாத சிர்கோனியாவைப் பூசுகிறார்கள். இது பீங்கான் வகைப் பொருள்.

சிக்கல் இனிமேல்தான். சூடேறும்போது அலுமினியம் சிர்கோனியாவைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. பூச்சு வெடித்து உதிர்ந்தால், அந்தக் கடினத் துகள்களே சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். அதற்குப் பூசாமலே இருந்திருக்கலாம்! ஆகவே முதலில் நிக்கல் கலவையை மெல்லிய அடுக்காகப் பூசி, அதன்மேல் சிர்கோனியாவை ஏற்றுகிறார்கள்.

பிஸ்டனின் பக்கங்களில் உராய்வுதான் எதிரி. அங்கே இப்போது மாலிப்டினம் டைசல்பைடு பூசுகிறார்கள். அதன் அணு அடுக்குகள், சீட்டுக்கட்டைத் தள்ளினால் சரிவதுபோல, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும்.