உஷார்! வைக்கோல் கட்டப் பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா?

பொங்கல் முடிந்து சம்பா அறுவடை சூடுபிடித்ததும் டெல்டாவில் பழைய டிராக்டர் வியாபாரமும் சூடுபிடிக்கும். அறுவடை மிஷின் போன வயலில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும். கட்டுவதற்குப் பேலர் வண்டி கிடைக்காமல் ஆளாளுக்கு அலைவார்கள். 'நாமே ஒரு பேலர் போட்டுவிடலாம். வீட்டில் நிற்கிற சின்ன வண்டி இழுக்காது, செகண்ட் ஹேண்டில் 50 ஹெச்.பி. ஒன்று பார்ப்போம்' என்று பணத்தைப் புரட்டுகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்.

பானெட்டில் எழுதியிருப்பது இன்ஜினின் ஹெச்.பி. பேலரைச் சுழற்றுவது பின்னால் இருக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட். 45 ஹெச்.பி. வண்டியில் அந்த இடத்துக்கு வந்து சேர்வது சுமார் 38தான். தேய்ந்த இன்ஜின் என்றால் அதுவும் வராது. பேலர் கம்பெனி கேட்பது எந்த ஹெச்.பி. என்று விசாரிக்காமல் வண்டி பார்க்கக் கிளம்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து கிளட்ச். பேலருக்குள் கட்டு நிறைந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். ஆனால் நூல் சுற்றி முடியும்வரை பி.டி.ஓ. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிங்கிள் கிளட்ச் வண்டியில் மிதித்தால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். வைக்கோல் மொத்தமாக வந்து வாயை அடைக்கிற நேரத்தில் கிளட்சை மிதித்தால் பேலரும் நின்று, அடைப்பு இறுகிவிடும். அப்புறம் இறங்கிக் கையால் பிடுங்க வேண்டியதுதான். விபத்து காத்திருப்பது அங்கேதான். டபுள் கிளட்ச் இருக்க வேண்டும், அல்லது பி.டி.ஓ.வுக்குத் தனி கிளட்ச் லீவர் இருக்க வேண்டும். புரோக்கர் 'எல்லாம் இருக்கு சார்' என்பார். பி.டி.ஓ.வை ஓடவிட்டு, பாதி கிளட்ச் மிதித்து, வண்டி நின்றும் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அப்படியே பி.டி.ஓ. ஷாஃப்டின் பற்களையும் பாருங்கள். வருடக்கணக்கில் ரொட்டவேட்டர் ஓட்டிய வண்டியில் பற்கள் தேய்ந்து கூர்ந்திருக்கும். மேலே மூடியும் இருக்காது. ஷாஃப்ட் சுற்றுவது நிமிடத்துக்கு 540 சுற்று என்றால், ஒரு நொடிக்கு 9 சுற்று. லுங்கி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால், 'ஐயோ' என்று கத்துவதற்குள் ஆளையே சுருட்டிவிடும். மூடி ஒன்றும் பெரிய செலவில்லை. ஆனாலும் அதைக் கழற்றி எறிவதை ஒரு வீரமாகவே நினைக்கிறார்கள். எனக்கு இன்றுவரை அது புரிந்ததில்லை.

டெல்டா வண்டி என்றால் சேறு கலக்கிய வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் வீல் போட்டு வருடா வருடம் சேற்றில் நின்றதில் பின் ஆக்சில் சீல் போயிருக்கலாம், பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். வெளியே அடித்த பெயின்ட் இதையெல்லாம் காட்டாது. கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத்தூள் மின்னினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைப்பது பழைய வித்தை. முதலில் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை வெளிவரும். நீலப் புகை விட்டுக்கொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ஹவர் மீட்டரை நம்பவே வேண்டாம்.

சைலன்சரிலிருந்து தீப்பொறி பறக்கிறதா, வயரிங்கில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். காய்ந்த வைக்கோலுக்கு நடுவே ஓடப்போகிற வண்டி இது. பேரிங்கில் சுற்றிய வைக்கோல் சூடேறிப் பற்றினால் பேலர், டிராக்டர், பக்கத்து வயல் எல்லாமே போகும்.

சின்ன வயல்காரர்களுக்கு இன்னொன்று. பெரிய வண்டிக்கு எடையும் அதிகம். ஈரம் காயாத களிமண்ணில் புதையும், வரப்பு உடையும், வாய்க்கால் பாலத்தில் திரும்பாது. ஐந்து ஏக்கருக்காக மட்டும் வாங்குவதென்றால், வாடகை பேலரே மேல் என்பது என் கணக்கு.

பேரம் படிந்த பிறகுதான் கடைசிக் குழி. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது. உரிமை மாற்றப் படிவங்கள் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-ஐயும் கேளுங்கள். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் நீங்களே துடைத்துப் படித்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பதிவுக்கு 15 வருடம்தான் ஆயுள். அது முடிந்த வண்டி என்றால் புதுப்பிக்கும் அலைச்சலும் செலவும் உங்கள் தலையில். 'அப்புறம் கையெழுத்துப் போட்டுத் தரேன்' என்று விற்பவர் இழுத்தால், அட்வான்ஸைக்கூட எடுத்து நீட்டாதீர்கள்.