திரைக்குப் பின்னே ஒரு விளக்கு

தோற்பாவைக் கூத்தை நேரில் கண்டவர்களுக்குப் பின்வீச்சுத் தொலைக்காட்சியைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னே விளக்கு. இரண்டுக்கும் இடையே பாவை. துணிக்கு முன்னே நாம். பின்வீச்சுப் பெட்டியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பெட்டியின் அடியில் சிறிய படம் ஒன்று உண்டாகிறது. வில்லைகள் அதைப் பெரிதாக்குகின்றன. பின்புறம் சாய்ந்து நிற்கும் கண்ணாடி அதைத் திருப்பித் திரையின் முதுகில் விழச் செய்கிறது.

இத்தகைய பெட்டிகள் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. கடைசிவரை அவற்றைச் செய்துவந்த மிட்சுபிஷி நிறுவனமும் 2012 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. ஆயினும் அவற்றின் உள்ளே இருந்த நுட்பங்கள் மறைந்துவிடவில்லை. இன்று பள்ளிகள் வாங்கும் புரொஜெக்டர்களில் அவையே வேலை செய்கின்றன. என் பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது அவரும் தலைமையாசிரியர், "ஐயா, நன்கொடை வந்திருக்கிறது, எந்த வகை வாங்கலாம்?" என்று சென்ற மாதம் கேட்டார். 2006 இல் நான் செய்த பிழையைத்தான் அவருக்கு விடையாகச் சொன்னேன்.

அவ்வாண்டு எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் பணம் திரட்டித் தந்தார்கள். விஞ்ஞான ஆசிரியரும் நானும் 50 அங்குலப் பெட்டி வாங்கப் புறப்பட்டோம். கடையில் மூன்று வகைகள் இருந்தன.

முதல் வகையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு படக்குழாய்கள். மூன்று படங்களும் திரையில் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பிசகினால் எழுத்துகளுக்கெல்லாம் வண்ணக் கரை கட்டிவிடும். கருமை கருமையாகவே தெரிவது இதன் சிறப்பு. பெட்டியோ மிகவும் கனம். வெளிச்சமுள்ள கூடத்தில் படம் வெளிறிவிடும்.

இரண்டாவது எல்.சி.டி. ஒரே விளக்கின் ஒளியை மூன்று நிறங்களாகப் பிரித்து, மூன்று சிறிய திரவப் படிகத் தகடுகளின் ஊடே செலுத்தி, மீண்டும் ஒன்றாக்குவார்கள். தகடு ஒளியை முற்றிலும் அடைக்க மாட்டாது. ஆகையால் கருமை சற்றுச் சாம்பல் பூத்திருக்கும். அருகில் சென்றால் கொசுவலை வழியே பார்ப்பது போலவும் தோன்றும்.

மூன்றாவது டி.எல்.பி. அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்பவர் 1987 இல் கண்ட அதிசயம் இது. தலைமயிரின் பருமனைவிடச் சிறிய கண்ணாடிகள் ஒரு சில்லின்மேல் அணிவகுத்து நிற்கின்றன. 1280க்கு 720 என்ற அளவுள்ள சில்லில் அவற்றின் எண்ணிக்கை 9,21,600. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி திரைக்குச் செல்லும். மறுபக்கம் சாய்ந்தால் செல்லாது. இச்சாய்வு ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. நிறத்துக்கோ, விளக்கின் முன் வண்ணச் சக்கரம் ஒன்று சுழலும். நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், பார்வையைச் சட்டென்று திருப்பும்போது சிலர் கண்ணுக்கு மட்டும் வானவில் போன்ற கீற்றுகள் தெரியும். விஞ்ஞான ஆசிரியர் தெரிகிறது என்றார், எனக்குத் தெரியவில்லை. அவர் மிகைப்படுத்துகிறார் என்று எண்ணி அதையே வாங்கினேன்.

என் உண்மையான பிழை அதுவன்று. நாங்கள் இருவரும் கடையில் பெட்டிக்கு நேரே நாற்காலியில் அமர்ந்து பார்த்தோம். பள்ளியிலோ, பிள்ளைகளின் கை படாதிருக்க அதை நாலடி உயர மேசையில் ஏற்றினோம். முன்வரிசைப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். பின்வீச்சுத் திரை சாதாரணத் துணியன்று. கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் வகுத்த வட்ட வட்டப் படிகளுள்ள வில்லையும், நெடுக்குக் கோடுகள் கொண்ட மற்றொரு தகடும் சேர்ந்தது. அது ஒளியை முன்னும் பக்கங்களிலும் தாராளமாக வழங்கும். மேலும் கீழும் அனுப்புவதில் கஞ்சத்தனம் காட்டும். பின்னால் நாற்காலியில் இருந்த எங்களுக்குப் படம் பளிச்சென்றிருந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "ஐயா, எங்களுக்கு எல்லாம் இருட்டாக இருக்கிறது" என்றாள். நான் அவள் அருகில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. தச்சரை அழைத்து மேசைக் கால்களை அறுத்தோம். உடனே பின்வரிசைப் பிள்ளைகளுக்கு முன்வரிசைத் தலைகள் மறைத்தன. பிறகு வகுப்புகளை இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

அடுத்து விளக்கு. அது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. சில ஆயிரம் மணி நேரமே உழைக்கும். அணைத்த பிறகும் விசிறி சற்று நேரம் சுழன்று அதைக் குளிர்விக்க வேண்டும். 2008 இன் மின்வெட்டுக் காலத்தில் அதற்கு வழி ஏது? மூன்றாம் ஆண்டில் விளக்கு இறந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வர ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தோம். விலையோ ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தை நெருங்கியது. வாங்கிய நாளில் அதை நான் விசாரிக்கவே இல்லை.

வெண்சுவரில் விழும் புரொஜெக்டர் படம் எல்லாத் திசைகளிலும் சிதறுவதால், தரையில் இருப்பவர்க்கும் ஒளி குறையாது. அங்கே பகை சன்னல் வெளிச்சம். விளக்குக்குப் பதில் லேசர் வைத்த கருவிகளுக்குச் சுமார் 20,000 மணி நேர ஆயுள் சொல்கிறார்கள்; விலை கூடுதல். ஒரே சில்லுள்ள டி.எல்.பி. கருவிகள் பலவற்றில் வெண்மை பளிச்சென்றும், நிறங்கள் அதற்குக் குறைவாகவும் இருக்கும். கடைக்காரரோ வெள்ளைப் பக்கத்தையே காட்டுவார். ஆகவே, வண்ணம் தீட்டிய இந்திய வரைபடம் ஒன்றைக் கொண்டுபோகும்படியும், கடையின் விளக்குகளை அணைக்க விடாமல் பார்க்கும்படியும் என் மாணவரிடம் சொன்னேன். வானவில் கீற்றுத் தெரிகிறதா என்று சொல்ல ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துப் போனாராம், ஒருவனுக்குத் தெரிந்ததாம். அடுத்த சனிக்கிழமை எல்.சி.டி. வகையைப் பார்க்கப் போகிறார்கள்.